ஜெபத்தில் சொன்ன கணக்கு

மிசினாலே அன்று என் வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் எப்படி? ஊரே பார்க்க, பேண்டு வாத்தியம் முழங்க, வரி ஆபீசர் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட.

மிசினாலே என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் சபைக்குக் காணிக்கை போடுவது. மேசைமேல் எனாமல் பேசின் வைத்திருப்பார்கள். குடும்பம் குடும்பமாகப் பேர் சொல்லிக் கூப்பிட, போய்ப் போட வேண்டும். எண்ணி, ஒலிபெருக்கியில் தொகையைச் சொல்வார்கள். ரகசியமாகக் கொடுத்தாலும் கடவுளுக்குத் தெரியும்தான். ஆனால் சாலேசிக்குத் தெரியாதே!

சாலேசி எங்களுக்கு எதிர்க் கடைக்காரர். நாங்கள் ஃப்ரீசர் வாங்கினால் அவர் இரண்டு வாங்குவார். அவர் சுவருக்கு மஞ்சள் அடித்தால் என் வீட்டுக்காரர் அதைவிட மஞ்சளாக எதையாவது தேடிக்கொண்டு வருவார். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் சாலேசியைக் கூப்பிட்டார்கள். எங்கள் நாட்டுப் பணத்தில் ஏழாயிரம் பாங்கா என்று ஒலிபெருக்கி சொன்னது. பேண்டுக்காரர்கள் எழுந்து நின்று ஊதினார்கள். எங்கள் வீட்டில் மூவாயிரம் என்று பேசி வைத்திருந்தோம். நான் என் வீட்டுக்காரர் ஃபினியாசியின் முகத்தைப் பார்த்தேன். அது நல்ல முகமாக இல்லை.

பேர் கூப்பிட்டதும் எழுந்தார். கோயிலுக்கும் விசேஷத்துக்கும் மரியாதையாக இடுப்பில் சுற்றிக் கட்டும் தாஓவாலா பாயைச் சரி செய்தார். கோட்டுப் பையில் கைவிட்டு மூவாயிரத்தைப் போட்டார். திரும்பி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கோட்டின் உள்பையில் கையை விட்டார். பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. அதைச் சுற்றி நீலக் கம்பளி நூல். அந்த முடிச்சு நான் போட்டது. வரிக்கென்று மாதாமாதம் எடுத்து பிஸ்கட் டின்னில் நான் ஒளித்து வைத்த ஐயாயிரம்!

"ஃபினியாசி குடும்பம், எட்டாயிரம்!" என்றது ஒலிபெருக்கி.

பேண்டு வெடித்தது. போன வருஷம் முழுக்கக் கடையில் கிடைத்த லாபம் நாலாயிரம் என்று வரி ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தவர் இவர். அதை வாங்கிப் படித்திருந்தவள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரையும்விட நிதானமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் லுபே. என் வீட்டுக்காரரின் அக்கா மகள். எங்கள் தீவுகளில் அக்கா பிள்ளை என்றால் லேசுப்பட்டதில்லை. ஃபஹு என்போம். தாய்மாமன் வீட்டில் எது பிடித்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம், கேட்கக்கூட வேண்டாம். மாமன்காரன் வாய் திறக்கக் கூடாது. சின்ன வயதில் வந்து என் கல்யாணப் பாயை எடுத்துப் போனாள். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு தாய்ப் பன்றியை ஓட்டிக்கொண்டு போனாள். இவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அப்படிப்பட்டவளை எங்கள் ஹாபாய்த் தீவு வரி ஆபீசுக்கு ஆபீசராகப் போட்டார்கள். பெரிய ஆபீஸ் என்று எண்ண வேண்டாம். அவள், ஒரு குமாஸ்தா, ஒரு மின்விசிறி. மின்விசிறிக்கு மட்டும் உடம்பு சரியில்லை.

அவளுக்கு முன்னால் இருந்த ஆபீசர்கள் தலைநகரிலிருந்து கப்பலில் வருவார்கள். கப்பல் துறையில் யாராவது பார்த்துவிட்டால் போதும், கடைகள் சாத்திவிடும். கேட்டால் ஊரில் சாவு. பெரியப்பா செத்துவிட்டார், சித்தி செத்துவிட்டாள். அந்த ஆபீசர்கள் எழுதிக்கொண்டு போன சாவுகளை நம்பினால் எங்கள் ஊரில் உயிரோடு ஆளே இருக்கக் கூடாது. அப்புறம் பன்றி சுட்டுக் கொடுத்து, கிழங்கு கட்டிக் கொடுத்து, கையை ஆட்டி வழியனுப்பிவிடுவோம். லுபேயிடம் இந்த வேலை நடக்காது. எந்தப் பெரியப்பா எப்போது செத்தார் என்பது அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

வந்த புதிதில் ஊர்க்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டாள். சுருக்கமாகப் பேசினாள்.

"தானா வந்து உண்மைய சொன்னா அபராதம் கிடையாது. தவணையா கட்டலாம். மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் நான் தேடிட்டு வர்ற மாதிரி வச்சீங்கன்னா கடைக்குப் பூட்டுதான்."

சாலேசி எழுந்தார். "ஏம்மா லுபே, சபைக்குக் குடுத்தா கூரை தெரியுது. உங்களுக்குக் குடுத்தா என்ன தெரியுது? காசு கப்பலேறிப் போகுது. திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டேங்குது."

"போன மாசம் உங்க கால்ல ஆணி குத்திச்சே அண்ணே. ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க, கட்டுப் போட்டாங்க. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது சரி. ஆனா அந்தக் கட்டுத்துணில என் பேரு போடலையே?"

கூடம் சிரித்தது. லுபேயும் சிரித்தாள். சிரித்தாளே ஒழிய மாசக் கடைசியை மாற்றவில்லை.

இது நடந்து இரண்டாவது வாரம்தான் மிசினாலே வந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை.

"ஏங்க, அது அரசாங்கத்துப் பணம்ங்க! சனங்க சாமான் வாங்குறப்ப வரின்னு சேத்துக் குடுத்தது. நம்ம காசே இல்ல!"

"கத்தாத மெலே. சாமிக்குத்தான குடுத்தேன். சூதாடினேனா?"

"சாலேசிக்குக் குடுத்தீங்க."

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "லுபே நம்ம பொண்ணு. அவ நம்ம கடைய பூட்ட மாட்டா" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கடைதான் எங்களுக்கு எல்லாம். விடியற்காலையில் எழுந்து நான் பிசைகிற ரொட்டி மாவும் அதில்தான். எங்கள் பெரிய பையனின் படிப்பும் அதில்தான். சாலேசிக்கு வெனிலாத் தோட்டம் இருக்கிறது, நியூசிலாந்திலிருந்து பணம் அனுப்பத் தம்பி இருக்கிறான். எங்களுக்குப் பூட்டு விழுந்தால் ஒரு மாதத்தில் நாங்கள் யார் வீட்டு வாசலிலாவது நிற்க வேண்டும்.

முதல் வேலையாகப் போதகரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பினேன். போனார். கூரைத் தகட்டுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டதாம். போதகர் இவர் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபம் பண்ணி அனுப்பியிருந்தார். பணத்தைத் தவிர எல்லாம் கிடைத்தது.

லுபே ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவாள். மிசினாலேக்கு அடுத்த ஞாயிறும் வந்தாள். பன்றித் தோலில் மொறுமொறு என்றிருக்கும் பகுதியைத் தன் பாட்டுக்குக் கிள்ளி எடுத்துக்கொண்டாள். மாமனோடு ரக்பி பற்றிப் பேசினாள். வரி என்ற வார்த்தையே வரவில்லை. இவர் என்னைப் பார்த்து, 'பாத்தியா' என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். பாத்திரம் கழுவும்போது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"லுபே, உன் மாமாகிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லேன்."

"நான் சொன்னா அது தேடி வந்ததா ஆயிடும் அத்தை. அவரே வரணும். வருவாரு."

"அவரா? அவரு வருவாருன்னு நீ நம்புறியா?"

"மாமா பொய் சொல்றவரு இல்ல. உண்மைய தள்ளிப் போடுறவரு. தானா வந்துருவாரு, பாருங்க."

ஆக, அவள் பூட்ட மாட்டாள் என்று இவர் நம்பினார். இவர் வந்துவிடுவார் என்று அவள் நம்பினாள். இரண்டு பேரும் நம்பி நம்பியே என் உயிரை எடுத்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? ஆபீசுக்குப் போகலாம் என்று எண்ணியிருந்த ஒன்றிரண்டு பேரும் பாதி வழியில் திரும்பினார்கள். "முதல்ல மாமனுக்கு என்ன நடக்குதுன்னு பாப்போம்" என்பதுதான் பேச்சு. மீன் விற்பவள்கூட என்னிடம் கேட்டாள்: "என்னக்கா, உங்களுக்கெல்லாம் வரி உண்டா, இல்ல எங்களுக்கு மட்டும்தானா?" அப்போதுதான் லுபேயின் நிலைமை எனக்கு உறைத்தது. மாமனைச் சும்மா விட்டால் இந்தத் தீவில் வேறு யாரிடமும் அவள் வாய் திறந்து கேட்க முடியாது. மாமனைப் பூட்டினால் குடும்பத்தில் அவள் முகத்தில் யார் விழிப்பார்கள்? இந்த ஒரு வேலைக்கு வேறு ஆபீசரை அனுப்புங்கள் என்று தலைநகருக்குக்கூட எழுதிப் பார்த்திருக்கிறாள். அனுப்பலாம், முன்பு அங்கே இருந்தவரையே அனுப்புகிறோம் என்று பதில் வந்ததாம். அவர் எங்கள் வீட்டில் பன்றி சாப்பிட்டவர். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மாசக் கடைசி போனது. இவர் போகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை. ரொட்டி வெந்து தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். லுபே வந்தாள். ஆபீஸ் நீலச் சட்டை. இடுப்பில் பாய் இல்லை, தோளில் ஒரு பை. சாலேசி எதிர்க் கடை வாசலில் பெருக்காத இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாதி ஊர், ஏதோ வாங்க வந்த மாதிரி நின்றது.

"வாம்மா, வா!" என்றார் என் வீட்டுக்காரர், சாலேசிக்குக் கேட்கிற மாதிரி. "என்ன வேணும் சொல்லு. ஃப்ரீசரா? வண்டியா? எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

"மருமகளா வந்திருந்தா எடுத்திருப்பேன் மாமா. இன்னைக்கு எதையும் எடுத்துட்டுப் போக வரல." பையைத் திறந்தாள். சங்கிலியும் பூட்டும் இருந்தன. "பூட்ட வந்திருக்கேன்."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

லுபே முதலில் என்னோடு சேர்ந்து ரொட்டித் தட்டுகளை வெளியே தூக்கி வைத்தாள். "இது வீணாப் போக வேணாம் அத்தை, இன்னைக்குள்ள வெளிய வித்துருங்க" என்றாள். பிறகு கதவைச் சாத்திச் சங்கிலியைக் கோர்த்தாள். பூட்டு விழவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்போதும் விழவில்லை. இவர் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, "இந்தக் கதவு பழைய கதவும்மா, இழுத்துப் புடிச்சாதான் விழும்" என்று சொல்லி, தன் கடைக் கதவைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். லுபே பூட்டினாள். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக அழுதேன் என்று கேட்டால், இரண்டு பேருக்காகவும்தான்.

அன்று முழுக்க அவர் கடைக்கு எதிரே ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அக்கா பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல எங்கள் வழக்கத்தில் இடமில்லை. அதனால் சாமான் வாங்க வருபவர்களிடமெல்லாம், "என் மருமகதான் பூட்டினா. பாருங்க, எவ்வளவு நல்லாப் பூட்டியிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதை நூறு தடவை கேட்டால் யாருக்கும் பைத்தியம் பிடித்துவிடும்.

மறுநாள் வரி ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. மாமனையே பூட்டினவள் நம்மை விடுவாளா என்று எல்லோருக்கும் கிலி. வரிசையில் முதல் ஆள் சாலேசி. கட்டிவிட்டு வந்து ரசீதைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு எங்கள் மரத்தடி வழியாகவே மூன்று தடவை நடந்தார். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சாயங்காலம் கிணற்றடியில் பார்த்தபோது லுபே சந்தோஷமாக இல்லை.

"வரிசையா வந்து கட்டினாங்களே, அப்புறம் என்ன?" என்றேன்.

"கட்டினாங்க அத்தை. பயந்து போய்க் கட்டினாங்க. எவ்வளவு கம்மியா சொன்னா தப்பிக்கலாமோ அவ்வளவு கம்மியா சொல்லிக் கட்டினாங்க. சாலேசி அண்ணன் சொன்ன வருமானத்துல அவங்க வீட்டு நாய்க்குக்கூட சோறு போட முடியாது. ஊர்ல எல்லாருக்கும் ஒரு பூட்டு வாங்க அரசாங்கத்துகிட்ட காசு கெடையாது." குடத்தைக் கீழே வைத்தாள். "மாமா ஏதாச்சும் சொன்னாரா?"

"நல்லாப் பூட்டியிருக்கன்னு சொன்னாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாவது பெஞ்சில் லுபே தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார யாருக்கும் துணிவில்லை. வீட்டுக்கு வந்து மண்ணடுப்பான உமு குழியைத் திறந்து கிழங்கையும், பன்றியையும், இறைச்சியைச் சேம்பிலையில் கட்டி வேகவைத்த லூவையும் எடுத்து வைத்தேன். அவளுக்கும் சேர்த்துத்தான் வைத்தேன். வருவாளோ மாட்டாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. இவர் பாய்மேல் உட்கார்ந்து வாசலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தாள். இடுப்பில் பாய் கட்டியிருந்தாள். ஆனால் வேலிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வரலாமா மாமா?" என்று கேட்டாள்.

எனக்குக் கையிலிருந்த லூ நழுவப் பார்த்தது. பன்றியைக்கூடக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போனவள். அந்த வீட்டில் கேட்டு நுழைய வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் அவள்தான். தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். முதல் தடவையாக, வேண்டாம் என்று சொல்லும் உரிமை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்திருந்தது. அதை அவர் என்ன செய்யப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மெதுவாக எழுந்து போனார். வேலிக் கதவைத் திறந்தார்.

"கேக்குறா பாரு கேள்வி. வெளிநாட்டுக்காரி மாதிரி" என்றார். "வா, லூ ஆறுது."

லூ ஆறத்தான் செய்தது. அதற்குக் காரணம் அவரே. சாப்பாட்டு ஜெபத்தை நான் ஆரம்பிக்கிறேன் என்றார். கண்களை மூடினோம். அவர் குரல் சபையில் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசிப் பெஞ்சுவரை எட்டுகிற குரல்.

"ஆண்டவரே, நீர் கொடுத்த கிழங்குக்காகவும் லூவுக்காகவும் ஸ்தோத்திரம். உம்முடைய பிள்ளை மெலே சமைத்த கைக்காக ஸ்தோத்திரம். எங்களோட உக்காந்திருக்கிற லுபேக்காக ஸ்தோத்திரம்." இங்கே கொஞ்சம் நிறுத்தினார். நான் ஆமென் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். "ஆண்டவரே, எங்க கடைய நீர் அறிவீர். போன வருஷம் நாலாயிரம் பாங்கான்னு ஒரு இடத்துல எழுதிக் கொடுத்தேன். அது பொய், ஆண்டவரே. மாவு மூட்டையில இவ்வளவு வந்துச்சு. ஆட்டிறைச்சியில இவ்வளவு வந்துச்சு. போன் கார்டுல இவ்வளவு வந்துச்சு. ரொட்டியில வந்தது எல்லாம் மெலேயோட உழைப்பு, அதையும் நான் சேத்துக்கல..."

இப்படி ஒவ்வொரு சாமானாகப் போனார். அலமாரியின் மேல்தட்டில் ஆரம்பித்துக் கீழ்த்தட்டுவரை வந்தார். இடையில் எறும்பு என் கணுக்காலில் ஏறியது. ஜெபத்தில் இருப்பதால் தட்டவும் முடியவில்லை. கடைசியில் கூட்டிச் சொன்னார்.

"எல்லாம் சேத்தா நாப்பதாயிரம், ஆண்டவரே. அப்புறம், உம்முடைய பேசின்ல நான் போட்ட ஐயாயிரம் உமக்குப் போட்டது இல்ல. சாலேசிக்குப் போட்டது. மன்னியும். ஆமென்."

சாமான் ஒவ்வொன்றையும் என் மனசுக்குள்ளும் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்றே ஒன்று விட்டுப் போயிருந்தது. அதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த எனக்கும் தைரியம் வரவில்லை.

லுபே கண்ணைத் திறக்க வெகு நேரம் ஆனது. திறந்தபோது ஈரமாக இருந்தது.

"ஆமென்" என்றாள். "மாமா, ஜெபத்துல சொன்னது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல. நான் கண்ண மூடிட்டிருந்தேன்."

"காத மூடலையே?"

"என் காது ஆபீஸ் நேரத்துலதான் கேக்கும்." கிழங்கை உடைத்து அவர் தட்டில் வைத்தாள். "நாளைக்குக் காலைல ஆபீஸ் திறக்கும்."

"நான் வரலன்னா? நீதான் எல்லாத்தையும் கேட்டுட்டியே, எழுதிக்க வேண்டியதுதானே?"

"எழுதிக்க மாட்டேன். நீங்க வருவீங்க."

லுபே பன்றித் தோலைக் கிள்ளினாள், இந்தத் தடவையும் கேட்காமல். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் எழுப்புவதற்கு முன்பே குளித்து, தாஓவாலா கட்டி, கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டுக்கா போறீங்க என்றேன். பேசாம வா என்றார். இரண்டு கொழுத்த பன்றிகளை அதிகாலையிலேயே விலை பேசி விற்றிருந்தார். அந்தப் பணம் கோட்டுப் பையில் இருந்தது.

ஆபீசில் குமாஸ்தா எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். மின்விசிறி முக்கிக்கொண்டு சுற்றியது. லுபே நீலச் சட்டையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் இவர். "இங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகுமா?"

"போகாது."

"போலீசுக்கு? சபைக்கு?"

"வரி ஆபீசுல சொன்னது வரி ஆபீசோட நிக்கும் மாமா. சட்டம் அப்படித்தான்."

"சட்டத்த விடு. நீ சொல்லு."

"போகாது" என்றாள் லுபே.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அப்ப எழுது. நாப்பத்தேழாயிரம்."

லுபேயின் பேனா நின்றது. "நேத்து நாப்பதுன்னுதானே..."

"உன் காது ஆபீஸ் நேரத்துலதான் கேக்கும்ன?"

அவள் முகம் சிவந்துவிட்டது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானை இல்லாத குறைக்கு விசிறியால் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்த ஏழாயிரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு ஓய்வுநாளில் கடை திறக்க எங்கள் நாட்டில் சட்டமும் இடம் கொடுக்காது, சபையும் இடம் கொடுக்காது. ஆனால் எங்கள் கடையின் பின்பக்க ஜன்னல் ஆராதனை முடிந்ததும் மெதுவாகத் திறக்கும். திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் சனங்கள் எங்கே போவார்கள்? தேங்காய்ப்பால் டின்னுக்கு முதல் ஆளாக வருவது போதகர் வீட்டம்மாதான். இதை வெளியே சொல்லக் கூடாது என்று லுபேக்குத்தான் கட்டுப்பாடு, எனக்கு இல்லை.

"அது ஞாயித்துக்கிழம வியாபாரம்" என்றார் இவர், குரலைத் தாழ்த்தி. "பின் ஜன்னல்ல."

"நேத்து ஜெபத்துல இதச் சொல்லலையே மாமா?"

"ஓய்வுநாள்ல வித்தத ஓய்வுநாள்ல அவர்கிட்டயே எப்படிம்மா சொல்றது? எனக்கு வாய் வரல." தலையைக் குனிந்துகொண்டார். "யாருக்கும் தெரியாது இது. நீ தேடியிருந்தாலும் கெடைச்சிருக்காது. ஆனா நேத்து நாலு பேர் பாக்க வேலிக்கு வெளிய நின்னு வரலாமான்னு கேட்டியே... உன்கிட்ட கொறச்சுச் சொல்ல மனசு வரல."

லுபே எழுதினாள். தவணை போட்டுக் கொடுத்தாள். பன்றிப் பணத்தை வாங்கி ரசீது கொடுத்தாள். ரசீதை அவர் சட்டைப் பையில் வைக்கவில்லை, மடித்து உள்ளே வைத்தார். கடைசியாக அவள் மேசை இழுப்பறையைத் திறந்து பூட்டுச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே எழுந்தார்.

"உன் கணக்கு முடிஞ்சுது" என்றார். "இனி ஆண்டவர்கிட்டதான் பாக்கி."